கை கால் விழுந்த கதையும் கம்பி உள்ளே போன கதையும்

எங்க கரிசக்காட்டுப் பக்கம் 'பக்கவாதம்'னு யாரும் சொல்ல மாட்டாங்க. அது ஆஸ்பத்திரிச் சுவர்ல எழுதியிருக்கிற வார்த்தை. ஊருக்குள்ள கேட்டா, "அவருக்குக் கை கால் விழுந்துட்டுப்பா"ம்பாங்க. கொஞ்சம் வயசானவங்கன்னா 'பாரிச வாயு'. பாரிசம்னா பக்கம், ஒரு பக்கமா வாயு புகுந்து உடம்பை இழுத்துப் போட்டுட்டதாம். இங்கிலீஷ்காரங்க வச்ச 'ஸ்ட்ரோக்'குக்கும் 'அடி'ன்னுதான் அர்த்தம். கடவுள் கை நீட்டி அடிச்ச அடின்னு அந்தக் காலத்துல நம்பியிருக்காங்க. ஊரு வேற, பாஷை வேற, சொன்னது என்னமோ ஒண்ணுதான்: எங்கிருந்தோ வந்துச்சு, அடிச்சுது, இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்ல.

இந்த 'ஒண்ணுமில்ல' எப்ப, எப்படிப் பொய்யாச்சுங்கிறதுதான் இந்தப் பதிவு. நான் டாக்டர் இல்லீங்க. பழைய கதைகளைத் தோண்டிப் படிக்கிற கிறுக்கு மட்டும் உண்டு. இதைத் தோண்டப் போனப்ப, போர்ச்சுகல், ஜெர்மனின்னு சுத்திட்டுக் கடைசில நம்ம கோவில்பட்டி பைபாஸ்ல வந்து நின்னுட்டேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

புறா ரத்தம்

1984 வாக்கில எங்க தெருவுல ஒரு பெரியப்பா. சொந்தமில்ல, தெருவுக்கே பெரியப்பா. தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கப்பிள்ளை. (வெளியூர்க்காரங்களுக்கு: எங்க ஊர்ல தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்'னுதான் சொல்வோம்.) ஒருநாள் காலைல பல் தேய்ச்சுக்கிட்டு இருந்தவருக்கு வாய் கோணி, வலது கையும் காலும் விழுந்துருச்சு. பேச்சும் போச்சு. அஞ்சு நிமிஷத்துல தெருவே கூடிட்டு. "மதினி, அழாதீங்க. புறா ரத்தம் தேய்ச்சா எந்திரிச்சு நடந்துருவாரு, சூடு ஆறுறதுக்கு முன்ன தேய்ச்சிறணும்"னு ஒரு அண்ணாச்சி சைக்கிளை எடுத்துக்கிட்டுப் பறந்தார். புறா வந்துச்சு. அறுத்து, சூட்டோட சூடா தேய்ச்சாங்க. பெரியப்பா அதுக்கப்புறம் பல வருஷம் திண்ணையிலயேதான் இருந்தார். கூட்டல் கணக்கு மட்டும் கடைசி வரைக்கும் இடது கை விரல்ல போட்டுக் காட்டுவார்.

மூடநம்பிக்கைன்னு சிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லிடறேன். அதே நாள் அவர் லண்டன்ல விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? ஸ்கேன் எடுத்து, "மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு"ன்னு சொல்லியிருப்பாங்க. நல்லா கவனிச்சுப் பயிற்சியும் கொடுத்திருப்பாங்க. ஆனா அந்த அடைப்பை எடுக்க, பலன் உண்டுன்னு நிரூபிச்ச வைத்தியம் லண்டன்லயும் அன்னைக்குக் கிடையாது. கோவில்பட்டிக்கும் லண்டனுக்கும் இந்த ஒரு விஷயத்துல பெரிய வித்தியாசமே இல்லாத காலம் அது.

இன்னொண்ணையும் கவனிங்க. சூடு ஆறுறதுக்குள்ள தேய்க்கணும்னு அந்த அண்ணாச்சி பறந்தாரே, அந்த அவசரம். அது சரியான அவசரம். ஓடிப் போய்ச் சேர ஒரு இடம்தான் இல்ல.

உள்ள என்ன நடக்குது?

மூளைக்கு ரத்தம் கொண்டு போற குழாய் அடைச்சுக்கிட்டா ஒரு வகை. வெடிச்சு ரத்தம் கசிஞ்சா இன்னொரு வகை. பெரும்பாலும் அடைப்புதான். கட்டி இதயத்துல உருவாகி மிதந்து போய் மாட்டலாம், கழுத்துக் குழாய்ல படிஞ்ச கொழுப்பு பிஞ்சு போய் மாட்டலாம், மூளைக்குள்ளயே குழாய் சுருங்கி அடைக்கலாம். பெரியப்பாவுக்கு வலது பக்கம் விழுந்து பேச்சும் போச்சுன்னா, மூளையோட இடது பக்கம் நடுத் தமனியில மாட்டியிருக்கும்னு இன்னைக்கு மெடிக்கல் காலேஜ் பசங்க படுக்கைப் பக்கத்துல நின்னே சொல்லிடுவாங்க.

இது ரத்தக்குழாய் சமாச்சாரம்னு முதல்ல தெளிவா எழுதினவர்கள்ல ஒருத்தர் ஜோஹான் வெப்ஃபர், சுவிட்சர்லாந்துக்காரர். 1658-ல் வெளிவந்த புத்தகம். இப்படி விழுந்து செத்தவங்க மூளையை அறுத்துப் பார்த்து, ரத்தக் கசிவையும் குழாய்களையும் விவரிச்சார். காரணம் தெரிஞ்சது 1658-ல. அதை வச்சு உருப்படியா ஒரு வைத்தியம் வர இன்னும் 300 வருஷத்துக்கு மேல ஆச்சு. நடுவுல என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தாங்க?

உயிரோட இருக்கிறவன் மூளைக்குள்ள பார்க்க வழி தேடிக்கிட்டு இருந்தாங்க. மண்டை ஓட்டுக்குள்ள இருக்கிற குழாய் சாதாரண எக்ஸ்ரேல தெரியாது. 1927-ல் லிஸ்பன்ல எகஸ் மோனிஸ்னு ஒரு டாக்டர் கழுத்துத் தமனியில சோடியம் அயோடைடு கரைசலை ஏத்தி எக்ஸ்ரே எடுத்தார். மூளையோட ரத்தக்குழாய்கள் முதல்முறையா படத்துல விழுந்துச்சு. ஆஞ்சியோகிராம்னு இன்னைக்கு நாம சர்வசாதாரணமா சொல்றோமே, அதோட மூளைப் பதிப்பு அங்கதான் ஆரம்பம். இந்த மோனிஸ் போர்ச்சுகலோட வெளியுறவு மந்திரியாவும் இருந்தவர்! 1949-ல் நோபல் வாங்கினார். எதுக்குன்னு நினைக்கிறீங்க? ஆஞ்சியோகிராமுக்கு இல்ல, மனநோயாளிகளோட மூளை நரம்பை வெட்டுற லோபாட்டமிக்கு. அந்த வைத்தியம் பின்னாடி பெரிய அவப்பேர் வாங்கிட்டு. நோபல் கிடைக்காத கண்டுபிடிப்புதான் இன்னைக்கும் தினமும் உயிரைக் காப்பாத்திட்டு இருக்கு.

அடுத்தவர் இன்னும் கிறுக்கு. 1929, ஜெர்மனியில எபர்ஸ்வால்டேன்னு ஒரு சின்ன ஊர். வெர்னர் ஃபோர்ஸ்மன், 25 வயசு டாக்டர். கை நரம்பு வழியா ஒரு ரப்பர் குழாயை இதயம் வரைக்கும் விடலாம்னு அவருக்கு ஒரு நம்பிக்கை. மேலதிகாரி கூடாதுன்னுட்டார். சாவி வச்சிருந்த நர்ஸ்கிட்ட, "உனக்கே செய்யறேன்"னு சொல்லிச் சம்மதிக்க வச்சு, அந்த அம்மாவை மேஜையில கட்டிப் போட்டுட்டு, தன் கையிலயே குழாயை ஏத்திக்கிட்டார். அப்படியே நடந்து போய் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தா, குழாய் முனை இதயத்துக்குள்ள! பாராட்டுக்குப் பதிலா ஏச்சுதான் கிடைச்சுது. நோபல் 1956-ல் வந்துச்சு.

1953-ல் ஸ்வீடன்காரர் செல்டிங்கர் ஒரு சின்ன வேலை செஞ்சார். ரத்தக்குழாய்ல ஊசி குத்து, ஊசி வழியா கம்பி விடு, ஊசியை உருவு, கம்பி மேலேயே குழாயை ஓட்டு, கம்பியை உருவு. பாவாடைக்கு நாடா கோக்கிற மாதிரி எளிய காரியம். வெட்டுக்காயம் இல்லாம உடம்புல எந்தக் குழாய்க்குள்ளயும் போக இதுதான் இன்னைக்கு வரைக்கும் வழி. 1964-ல் அமெரிக்காவில போர்ட்லாண்ட்ல சார்லஸ் டாட்டர், காலை வெட்டணும்னு சொல்லியும் மறுத்த 82 வயசுப் பாட்டிக்கு இதே வழியில போய் அடைச்ச குழாயைத் திறந்துவிட்டார். பாட்டி சொந்தக் காலோட நடந்து வீட்டுக்குப் போனாங்க. அடைப்பைப் பார்க்க மட்டுமில்ல, சரிபண்ணவும் குழாய் வழியா போகலாம்னு ஆச்சு.

இதே காலத்துல நம்ம ஊர்லயும் அஸ்திவாரம் விழுந்துச்சு. 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில ஜேக்கப் சாண்டி மூளை அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1950-ல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில பி. ராமமூர்த்தி தொடங்கினார். இவங்க வளர்த்த ஆளுகளும், அந்த ஆளுகள் வளர்த்த ஆளுகளும்தான் பின்னாடி மதுரை, நெல்லைன்னு பரவினது.

இசைத்தட்டுக் கம்பெனி செஞ்ச புண்ணியம்

அடைப்பா, கசிவா? வெளியே இருந்து பார்த்தா ரெண்டுக்கும் ஒரே அறிகுறி. அடைப்புக்கு ரத்தத்தை இளக்கற மருந்து. அதையே கசிவுக்குக் கொடுத்தா ஆளே போயிடுவான். இந்தக் குழப்பம் தீராம ஒரு அடி நகர முடியாது.

தீர்த்தது யாருன்னா, நாய் படம் போட்ட ஹெச்.எம்.வி. இசைத்தட்டு ஞாபகம் இருக்கா? அதோட தாய்க் கம்பெனி இ.எம்.ஐ. அங்க வேலை பார்த்த எஞ்சினியர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கின சி.டி. ஸ்கேன் மிஷின்ல, 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டன்ல முதல் நோயாளியோட மூளையைப் படம் எடுத்தாங்க. 1979-ல் அவருக்கு நோபல். இன்னைக்கும் ஸ்ட்ரோக் கேஸ் போனா முதல்ல எடுக்கறது இந்த ஸ்கேன்தான்.

கரைக்கலாமா, இழுக்கலாமா?

முதல்ல கரைக்கப் பார்த்தாங்க. டி.பி.ஏ.ன்னு சுருக்கமா சொல்ற மருந்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும்; 1987 முதல் மாரடைப்புக்குக் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. அதை 624 ஸ்ட்ரோக் நோயாளிகள்கிட்ட சோதிச்சு 1995 டிசம்பர்ல முடிவு வெளியிட்டாங்க. 3 மணி நேரத்துக்குள்ள ஊசி போட்டா, ஊனமில்லாம எந்திரிக்கிற வாய்ப்பு கூடுது. அடுத்த வருஷம் அமெரிக்கா அனுமதி கொடுத்துச்சு. 2008-ல் இன்னொரு ஆய்வு அந்த நேரத்தை 4.5 மணின்னு நீட்டுச்சு. ஹிப்போகிரட்டஸ் காலத்துல இருந்து கணக்குப் போட்டா, 2000 வருஷத்துக்கு மேல 'ஒண்ணுமில்ல'ன்னு சொன்னதுக்கு முதல் பதில் இது.

ஆனா கட்டி பெருசா இருந்தா ஊசி பல சமயம் தோத்துடும். சின்னக் குழாய்ல மாட்டின சின்னக் கட்டி கரையும். நடுத் தமனியோட அடிப்பகுதியையே அடைச்ச கட்டி அசையாது. வாழ்நாள் பூரா படுக்க வைக்கிறது இந்தப் பெரிய கட்டிதான்.

அப்ப இழுத்து எடுத்துட்டா? தொடை இடுக்குல இருந்து கம்பி விட்டு, பெருந்தமனி வழியா கழுத்து ஏறி, மண்டைக்குள்ள போய். 2004-ல் அமெரிக்காவில 'மெர்சி'ன்னு ஒரு கருவிக்கு அனுமதி கிடைச்சுது. முனையில திருகு மாதிரிச் சுருண்ட கம்பி. நம்ம ஊர்ல கிணத்துக்குள்ள விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக் கரண்டி விடுவோமே, அதே தத்துவம். என்ன, வாளி மாட்டுறதும் மாட்டாததும் அதிர்ஷ்டம்.

அடுத்து வந்தது வலைக்கூண்டு மாதிரி ஒரு சாமான், பேரு சாலிட்டேர். ரத்தக்குழாய்ல பலூன் மாதிரி வீங்கின இடத்தை அடைக்கும்போது முட்டுக் கொடுக்கறதுக்குச் செஞ்சது அது. 2008-ல் ஜெர்மனியில ஸ்டுட்கார்ட்ல ஹான்ஸ் ஹெங்கெஸ் அதை ஸ்ட்ரோக் நோயாளிக்குப் பயன்படுத்தினார். கட்டிக்குள்ள வலையை விரிச்சா, கட்டி வலைக்கண்ணுக்குள்ள சிக்கிக்குது. அப்படியே இழுத்தா வெளியே வருது. வேற வேலைக்குச் செஞ்ச சாமான் இங்க வந்து உட்கார்ந்துக்கிட்டு.

எல்லாரும் கைதட்டத் தயாரா இருந்தப்ப, 2013-ல் மூணு பெரிய ஆய்வுகளோட முடிவு ஒரே நேரத்துல வந்துச்சு. மூணுமே, "கம்பி வைத்தியத்தால கூடுதல் பலன் இல்ல"ன்னுட்டு. காப்பீட்டுக் கம்பெனிக்காரங்க காசு தரணுமான்னு யோசிக்க ஆரம்பிச்சாங்க. கதை முடிஞ்சுதுன்னே பல பேர் நினைச்சாங்க.

கதையைத் திருப்பினது நெதர்லாந்து. நம்ம தமிழ்நாட்டுல மூணுல ஒரு பங்கு கூட இல்லாத நாடு. அங்க 16 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து எம்.ஆர். கிளீன்னு ஒரு ஆய்வு. அந்த நாட்டு அரசு ஒரு நல்ல காரியம் செஞ்சுது: 2013-ல் இருந்து, ஆய்வுல சேர்ந்து செஞ்சா மட்டும்தான் இந்தச் சிகிச்சைக்குக் காசு. அதனால யாரும் இஷ்டத்துக்குத் தனியா செய்யாம, நோயாளிகள் எல்லாம் ஒரே கணக்குக்குள்ள வந்தாங்க. 500 பேர். 2014 அக்டோபர்ல இஸ்தான்புல் மாநாட்டுல முடிவைச் சொன்னாங்க. கம்பி வைத்தியம் செஞ்சவங்கள்ல 32.6 சதவீதம் பேர் மூணு மாசத்துல தன் வேலையைத் தானே பார்க்கிற நிலைக்கு வந்தாங்க, செய்யாதவங்கள்ல 19.1 சதவீதம். 2015-ல் மேலும் நாலு ஆய்வுகள் அதையே சொல்லுச்சு. அஞ்சையும் சேர்த்துப் பார்த்ததுல, ரெண்டு மூணு பேருக்குச் செஞ்சா அதுல ஒருத்தருக்காவது ஊனம் ஒரு படியாவது குறையுதுன்னு தெரிஞ்சுது. வைத்திய உலகத்துல இது சாதாரணக் கணக்கு இல்லீங்க.

2013-ல் ஏன் தோத்துச்சு? அங்க பெரும்பாலும் பழைய கருவிகள். பெரிய குழாய்லதான் அடைப்பான்னு ஸ்கேன்ல உறுதி பண்ணாமலே சில பேரைச் சேர்த்தது. போதாததுக்குத் தாமதம். சரியான ஆளு, சரியான கருவி, சரியான நேரம். மூணும் சேர்ந்தப்பத்தான் பலன் தெரிஞ்சுது.

அரைநிழல்

நேரம்னு சொன்னேன்ல, அதைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்லணும். குழாய் அடைச்ச உடனே அந்தப் பகுதி மூளை முழுசும் செத்துடாது. நடுவுல கொஞ்சம் சீக்கிரம் சாகும். சுத்தி இருக்கிறது பக்கத்துக் கிளைக்குழாய்ல இருந்து கசியிற ரத்தத்தை வச்சு, வேலை செய்யாம, ஆனா உயிரோட காத்துக்கிட்டு இருக்கும். கிரகணத்துல வர்ற அரைநிழல்ங்கிற பேரையே இதுக்கும் வச்சிருக்காங்க. வைத்தியம் மொத்தமும் இந்த அரைநிழலைக் காப்பாத்தத்தான்.

எவ்வளவு வேகமா போகுது? 2006-ல் ஜெஃப்ரி சேவர்ங்கிற அமெரிக்க டாக்டர் கணக்குப் போட்டார். பெரிய குழாய் அடைச்சா சராசரியா நிமிஷத்துக்கு 19 லட்சம் நரம்பணு. ஒரு மணி நேரத்துக்கு 12 கோடி, மூளைக்கு 3.6 வயசு கூடிப் போற மாதிரி.

ஆளுக்கு ஆள் வேகம் மாறும். கிளைக்குழாய் நல்லா இருக்கிறவங்களுக்கு அரைநிழல் நீடிக்கும். அந்த மாதிரி ஆட்களை ஸ்கேன்ல பொறுக்கி எடுத்தா, 24 மணி நேரம் வரைக்கும் கூட கட்டியை எடுத்துப் பலன் பார்க்கலாம்னு 2018-ல் அச்சான டான் ஆய்வு காட்டுச்சு. தூங்கி எந்திரிக்கும்போதே கை கால் விழுந்து கிடந்தவங்களுக்கு இது பெரிய வரம். ஆனா "24 மணி நேரம் இருக்குல்ல"ன்னு யாரும் கணக்குப் போட்டுறாதீங்க. யாரு அந்த அதிர்ஷ்டசாலின்னு ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும்.

கோவில்பட்டி பைபாஸ்

இனி நம்ம ஊரு. மேப்பை விரிச்சுப் பார்த்தா கோவில்பட்டி ஒண்ணும் வனாந்தரம் இல்ல. தெக்கே திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி (1965), வடக்கே மதுரை (1954), கிழக்கே தூத்துக்குடி (2000), இப்போ விருதுநகர் (2022). ஊர்லயே மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை. நெல்லை 55 கிலோமீட்டர் சொச்சம், மதுரை ஏறக்குறைய 100. நாலுவழிச் சாலை. 108 ஆம்புலன்ஸ் 2008-ல் இருந்து ஓடுது. அரசோட விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்துல ஸ்ட்ரோக்கும் ஒரு பிரிவு.

அப்ப பிரச்சனை எங்க? ஒரு கணக்குப் போடுவோம். விளாத்திகுளம் தாண்டி ஒரு கிராமம். காலைல 6 மணிக்கு மிளகாய்க் காட்டுக்குக் கிளம்பின அம்மாவுக்கு வாய் கோணுது, இடது கை தொங்குது. "பித்தமா இருக்கும், செத்த படு" - 8 மணி. மகனுக்குப் போன் போட்டு அவன் வர்றான் - 9 மணி. பக்கத்து ஊர் கிளினிக், ஒரு குளுக்கோஸ் பாட்டில் - 10 மணி. அங்கிருந்து கோவில்பட்டி, ஸ்கேன், பெரிய அடைப்புன்னு தெரியறது, அப்புறம் மதுரைக்கு வண்டி. ஊசி போடுற 4.5 மணி நேரத்துல முதல் நாலு மணி நேரம் எங்க போச்சுன்னு பாருங்க. ரோட்டுல போகல. வீட்டுலயும் கிளினிக்கிலயும் போச்சு.

காட்டுவிரியன் கடிச்சா எங்க ஊர்ல எவனாவது "காலைல பாத்துக்கலாம்"பானா? நெஞ்சு வலின்னாலும் இப்பல்லாம் ஓடுறாங்க. ஸ்ட்ரோக் பெரும்பாலும் வலிக்காது. அதுதான் அதோட சூழ்ச்சி. வலிக்காததுக்கு எதுக்கு ஆம்புலன்ஸ்னு நினைப்பு. அதோட 2000 வருஷமா காதுல ஏறின 'ஒண்ணுமில்ல' வேற.

ஜனங்க மேலயே எல்லாப் பழியையும் போட முடியாது. கம்பி வைத்தியத்துக்குத் தனி லேப் வேணும், மூளை ரத்தக்குழாய்ல கம்பி ஓட்டப் பயிற்சி எடுத்த டாக்டர் ராத்திரி 2 மணிக்கும் வேணும். செலவு லட்சக்கணக்குல. மயாமியில இருக்கிற நம்ம இந்திய டாக்டர் திலீப் யவகல் முன்னின்று நடத்துற 'மிஷன் த்ராம்பெக்டமி' 67 நாடுகள்ல எடுத்த கணக்கு 2023-ல் வந்துச்சு. இந்தச் சிகிச்சை தேவைப்படுறவங்கள்ல அது கிடைக்கிறது, நடுத்தரமான ஒரு நாட்டுல 100-க்கு மூணு பேருக்கும் குறைவு. 1984-ல் லண்டனும் கோவில்பட்டியும் ஒண்ணா இருந்துச்சுன்னு சொன்னேன். இப்ப அப்படி இல்ல. எந்த ஊர்ல விழுறோங்கிறதுதான் திண்ணையா, திரும்ப வேலையான்னு முடிவு பண்ணுது.

நல்ல சேதியும் உண்டு. டெனெக்டிப்ளேஸ்னு புது ஊசி; டி.பி.ஏ. மாதிரி ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டா ஏத்த வேண்டாம், ஒரே தடவை போட்டா போதும். சின்ன ஊர் ஆஸ்பத்திரியில ஊசியைப் போட்டுட்டுப் பெரிய ஊருக்கு வண்டி ஏத்தி விட இது தோதானது. அமெரிக்கா 2025 மார்ச்லதான் இதை ஸ்ட்ரோக்குக்கு அனுமதிச்சுது. இந்தியாவில அதுக்கு முன்னாடியே புழக்கத்துல இருக்கு. கட்டியை இழுக்கிற சூப்பர்நோவாங்கிற கருவியை டெல்லி எய்ம்ஸ் தலைமையில இந்திய நோயாளிகள்கிட்டயே சோதிச்சு, 2025-ல் இங்க அனுமதியும் வாங்கியிருக்காங்க. நம்ம ஆளுகளுக்கு மூளைக்குள்ளயே குழாய் சுருங்கற வகை அதிகம்கிறதால, இங்கயே சோதிக்கிறது முக்கியம்.

இதையெல்லாம் விட மலிவான வைத்தியம் ஒண்ணு இருக்கு: பிரஷர் மாத்திரை. ஸ்ட்ரோக்குக்குப் பெரிய காரணமே ரத்த அழுத்தம்தான். 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டாந்து கொடுக்கிறாங்க. "தலை சுத்தல் நின்னுட்டு"ன்னு பாதியில நிறுத்திடறது நம்ம ஊர் வழக்கம். நிறுத்தாம இருந்தாலே பல பேருக்குக் கம்பி தேவைப்படாது.

கடைசியா, வீட்டுப் பெரியவங்களுக்குப் படிச்சுக் காட்டுறதுக்காக:

1. சிரிக்கச் சொல்லுங்க, வாய் ஒரு பக்கம் கோணுதா? ரெண்டு கையையும் தூக்கச் சொல்லுங்க, ஒண்ணு இறங்குதா? ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்க, குழறுதா? ஒண்ணு இருந்தாலும் 108.

2. கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்கன்னு கடிகாரம் பார்த்துக் குறிச்சுக்கோங்க. ஆஸ்பத்திரியில கேட்கிற முதல் கேள்விகள்ல அது ஒண்ணு.

3. வாயில காபி, தண்ணி, மாத்திரை எதையும் ஊத்தாதீங்க. முழுங்க முடியாம நுரையீரலுக்குள்ள போயிடும். அடைப்பா கசிவான்னு தெரியாம ஆஸ்பிரினும் வேண்டாம்.

4. உங்க ஊர்ல இருந்து போற தூரத்துல, 24 மணி நேரமும் சி.டி. ஸ்கேன் எங்க இருக்கு, ஊசி எங்க போடுறாங்க, கம்பி வைத்தியம் எங்க இருக்குன்னு இன்னைக்கே விசாரிச்சு, காலண்டர் பின்னாடி எழுதி மாட்டுங்க.

எங்க வீட்டுக் காலண்டர்ல நான் எழுதிட்டேன். உங்க ஊர் நிலவரம் என்னன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. வெளியூர்ல வேலை பார்த்துக்கிட்டு, ஊர்ல அம்மா அப்பாவை விட்டுட்டு வந்திருக்கிற எத்தனையோ பேருக்கு உதவும்.